‘சின்னப் பிள்ளைங்க சண்டை’ என்று தள்ளிவிடாதீர்கள்

திங்கட்கிழமை காலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்கிறது. அம்மா ஓமத்தண்ணீர் கொடுக்கிறார். மறுவாரமும் அதே வலி. ‘பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பாக்குறியா?’ என்று அதட்டி அனுப்பிவைக்கிறார்கள். அதற்கடுத்த வாரம் புதுப் பென்சிலைக் காணோம். சட்டைப் பொத்தான் அறுந்திருக்கிறது. கொண்டுபோன சோற்று டப்பா தொடப்படாமல் திரும்பி வருகிறது. கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிறது. விடிந்தால் கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீட்டில் இதையெல்லாம் கோத்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

நேரம் இல்லாவிட்டாலும் கோத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு என் கதையையே முதலில் சொல்கிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. பெயர் வேண்டாம். அங்கே நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். தலித் பெண் குழந்தைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக மூன்றாம் வகுப்பிலிருந்து அரசு ஊக்கத்தொகை தருகிறது. ஒருநாள் காலை டீச்சர் ஒரு நோட்டுடன் வந்து, “எஸ்.சி. பொம்பளப் பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க” என்றார். ஐந்து பேர் எழுந்து நின்றோம். பெயர் எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னார். அந்த டீச்சர் கெட்டவர் அல்ல. மதியத்துக்குள் பட்டியல் அனுப்ப வேண்டிய அவசரம் அவருக்கு.

ஆனால், அதுவரை யார் யார் என்று தெரியாமல் இருந்த பிள்ளைகளுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் எனக்கு ஒரு புதுப்பெயர் வந்தது: ‘ஸ்காலர்ஷிப்பு’. “ஏ ஸ்காலர்ஷிப்பு, பையத் தூக்கிட்டு வா”, “ஸ்காலர்ஷிப்பு தொட்ட கல்லு, நீ தொடாத” என்று அந்தப் பெயர் வளர்ந்தது. தட்டாங்கல் ஆட்டத்தில் என்னைச் சேர்க்கவில்லை. பாண்டி ஆட்டத்தில் ஓரமாக நிற்கவைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கொய்யாக்காயைப் பாதியாகக் கடித்துத் தந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதேன். அம்மா நடவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, கால் சேற்றைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். வகுப்பறை வாசலிலேயே நின்று பேசினார். “ஏம்மா, சின்னப் பிள்ளைங்க சண்டை. இதுக்கெல்லாமா வேலையை விட்டுட்டு வருவாங்க? நான் பாத்துக்கிறேன், போங்க” என்று பதில் வந்தது. அம்மா போனதும் டீச்சர் அந்தப் பிள்ளைகளை எல்லோர் முன்னாலும் எழுப்பி, “இவளை எதுவும் சொல்லாதீங்க, அவ அம்மா வந்து சண்டை போடுது” என்றார். அன்று மாலை பள்ளி விட்டதும், “ஆத்தாளைக் கூட்டிட்டா வர்ற?” என்று என் பையைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டார்கள்.

அதன் பிறகு நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் கூடும் என்று எட்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

எது சண்டை, எது துன்புறுத்தல்?

குழந்தைகள் சண்டை போடத்தான் செய்வார்கள். பம்பரத்துக்கும் பென்சிலுக்கும் அடித்துக்கொண்டு அடுத்த மணியில் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள். அதில் பெரியவர்கள் புகுந்தால்தான் வம்பு. அப்படியானால் எதைக் கண்டு பயப்பட வேண்டும்?

1982 இறுதியில் நார்வே நாட்டின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமையே காரணம் என்று பேசப்பட்டது. நாடே அதிர்ந்தது. மறு ஆண்டு பள்ளித் துன்புறுத்தலுக்கு எதிராக நாடு தழுவிய இயக்கத்தை அந்த அரசு தொடங்கியது. அதில் பெரும்பங்கு வகித்த உளவியலாளர் டான் ஓல்வியஸ், ‘புல்லியிங்’ என்று உலகம் சொல்லும் இந்தக் கொடுமைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார். ஒன்று, வேண்டுமென்றே செய்வது. இரண்டு, திரும்பத் திரும்பச் செய்வது. மூன்று, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. அதாவது, படுகிறவரால் எளிதில் திருப்பி நிற்க முடியாத நிலை.

மூன்றாவது அடையாளத்தைக் கவனியுங்கள். பிற நாடுகளில் உடல் பலமோ, கூட்டுச் சேர்ந்த பலமோ, பணமோ, நிறமோ அந்த ஏற்றத்தாழ்வைத் தருகிறது. நம் ஊரில் அதைக் குழந்தை பள்ளிக்கு வந்து உருவாக்க வேண்டியதில்லை. தெரு பிரிந்திருக்கிறது, சுடுகாடு பிரிந்திருக்கிறது. நிலம் ஒருவரிடமும் கூலி ஒருவரிடமும் இருக்கிறது. என்னைக் கேலி செய்த பிள்ளையின் அப்பா வயலில்தான் என் அம்மா நடவு நட்டார். நான் எப்படித் திருப்பி அடிப்பேன்? அவள் என்னைவிட ஒல்லி. ஆனாலும் பலம் அவளிடம்தான் இருந்தது.

ஆகவே சாதிப் பெயரோ, தெருப் பெயரோ, பெற்றோர் தொழிலோ, அரசு உதவியோ சொல்லி ஒரு குழந்தையைத் தொடர்ந்து சீண்டினால், அது இரண்டு குழந்தைகளின் சண்டை ஆகாது. ஊரின் பலம் முழுவதும் ஒரு குழந்தை மேல் இறங்குகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒரு குடியிருப்பைக் குறிக்கும் சாதாரணச் சொல் எப்படி வசைச் சொல்லாக மாறியது என்பதற்குப் பெரிய ஆய்வு வேண்டாம். ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் இடைவேளையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

நாங்குநேரி சொல்லும் பாடம்

‘சின்ன விஷயம்’ எங்கே போய் முடியும் என்பதைத் தமிழ்நாடு 2023 ஆகஸ்ட் 9 இரவு பார்த்தது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தலித் மாணவரை அவரது வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் கொள்ளையர்கள் அல்ல, சக மாணவர்கள். நாட்டையே உலுக்கிய அந்தக் குற்றத்துக்கு முன்கதை உண்டு. அது பையைத் தூக்கச் சொல்வது, கடைக்குப் போய்வரச் சொல்வது, சாதியைச் சொல்லிக் கேலி செய்வது என்று பள்ளியில் தொடங்கிய துன்புறுத்தல். தாங்க முடியாமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னார். சொன்னதற்குத்தான் அந்த வெட்டு.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, பை தூக்கச் சொல்லும் நாளும் அரிவாள் தூக்கும் நாளும் ஒரே பாதையில் இருக்கின்றன. எல்லாப் பையன்களும் அந்தப் பாதையின் கடைசிவரை போவதில்லை. ஆனால், போனவர்கள் எல்லோரும் முதல் அடியை எங்கோ எடுத்து வைத்தவர்கள்தான். அப்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்திருப்பார், பார்த்திருப்பார், அல்லது பார்க்காதது போல இருந்திருப்பார்.

இரண்டாவது பாடம் அதிகம் பேசப்படுவதில்லை. புகார் கொடுக்கும் நேரம்தான் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு மிக ஆபத்தான நேரம். புகாரை வாங்கிக்கொண்டு எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுக் கண்டிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், புகார் கொடுத்தவரைத் தனியாக நிறுத்திவிட்டுப் போகிறோம் என்று பொருள். என் பை வாய்க்காலுக்குப் போனதும் அப்படித்தான். அளவு வேறு, வழி ஒன்று.

வெட்டுப்பட்ட அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, தேர்வு எழுதி, 2024இல் பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தார். அது அவரது உறுதி. அதைப் பாராட்டுவதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது.

குழந்தைக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

ஆறு வயதுக் குழந்தைக்குச் சாதி தெரியாது. யாரோ சொல்லித் தருகிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வெளிவந்த சம்பவங்களைப் பாருங்கள்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் பள்ளிக் குழந்தைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குத் தர முடியாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்னார். அதை வீடியோவாகவும் எடுத்தார்கள். வழக்குப் பதிவாகிக் கைது நடந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றமும் உத்தரவிட்டது. அந்த வீடியோவில் குழந்தைகள் விவரம் புரியாமல் நிற்பார்கள். மிட்டாய் வாங்கப் போன இடத்தில் அவர்களுக்குச் சாதி கற்பிக்கப்பட்டது.

அதே ஆண்டு இறுதியில் ஈரோடு மாவட்டம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், தலித் குழந்தைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்து தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். ஒரு குழந்தைக்கு டெங்கு காய்ச்சல் வந்த பிறகுதான் விஷயமே வெளியில் தெரிந்தது.

2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகே, நம் மாவட்டத்து ஊரின் பெயரையே கொண்ட உசிலம்பட்டி என்ற சிற்றூரில், தலித் பெண் சமைத்தார் என்பதற்காகக் காலை உணவைச் சாப்பிடாமல் பிள்ளைகளை வீட்டார் தடுத்தார்கள். கனிமொழி எம்.பி.யும் அமைச்சரும் நேரில் போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பசித்த குழந்தை தட்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்றால், அதற்குப் பெரியவர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்! அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது நமது மதுரை மாநகராட்சியின் ஆதிமூலம் தொடக்கப் பள்ளியில்தான்.

இந்த மூன்றிலும் குழந்தைகள் யாரும் குற்றவாளிகள் அல்ல. கடையிலும் பள்ளியிலும் வீட்டிலும் பெரியவர்கள் பாடம் நடத்தினார்கள். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிப்பையில் தனியாக உட்கார்ந்து படித்ததும், பள்ளிப் பணியாள் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்ததும் நாம் அறிந்தவை. இன்று கோணிப்பை இல்லை. ஆனால் தள்ளி உட்காரும் பெஞ்சு இருக்கிறது.

நீதியரசர் சந்துரு அறிக்கையும் சின்னப் பள்ளிகளும்

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கை அளித்தார். கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்ற பரிந்துரைகள்தான் தலைப்புச் செய்தி ஆயின. எதிர்ப்பும் எழுந்தது. அந்தச் சத்தத்தில் எளிய சில பரிந்துரைகள் கவனம் பெறாமல் போயின. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி பற்றிய விவரம் இருக்கக் கூடாது. எந்த ஆசிரியரும் சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக் கூடாது. உதவித்தொகை விவரங்களை வகுப்பில் பேசாமல் தலைமையாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும். வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும்.

இதைப் படித்தபோது நான் மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்ற அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பரிந்துரைகளுக்குப் பணம் வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம். நாளைக் காலையிலிருந்தே ஒரு டீச்சர் செய்யலாம்.

ஆனால் அறிக்கை நம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு எட்டாத இடமும் ஒன்று உண்டு. புகார்களைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர் என்று ஒருவரை நியமிக்கப் பரிந்துரை செய்கிறது. அது 500 பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கானது. கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் இருந்தாலே பெரிது. அங்கே நல அலுவலர் வரப்போவதில்லை. அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட ‘மாணவர் மனசு’ பெட்டியும் எழுதத் தெரிந்த பிள்ளைக்குத்தான் உதவும். இரண்டாம் வகுப்புக் குழந்தை ‘அவன் என்னைத் தினமும் இப்படிச் சொல்கிறான்’ என்று எழுதிப் பெட்டியில் போடாது. அதற்குப் பெட்டியைவிடக் காதுதான் முக்கியம். டீச்சரின் காது, சமையல் அக்காவின் காது, அம்மாவின் காது.

ஆசிரியர் கையில் இருப்பது

பாதிக்கப்பட்ட குழந்தையிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். ‘நீ என்ன செஞ்ச?’ என்று தொடங்கக் கூடாது. ‘நீ சொன்னது நல்லது, இனி நான் பாத்துக்கிறேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும். யார், எங்கே, எப்போது என்று கேட்டுத் தேதியோடு குறித்துவைக்க வேண்டும். பெரும்பாலும் கொடுமை நடப்பது வகுப்பறையில் அல்ல. குழாயடியில், கழிப்பறைப் பக்கத்தில், சாப்பாட்டு வரிசையில், பள்ளி விட்டு வீடு திரும்பும் வழியில். அந்த இடங்களில் பெரியவர் ஒருவர் கண் இருந்தாலே பாதி குறையும்.

துன்புறுத்திய குழந்தையையும் தனியாகத்தான் அழைக்க வேண்டும். பலர் முன்னால் அவமானப்படுத்தினால் அந்தக் கோபம் எங்கே இறங்கும் என்று பார்த்தோம். அடிக்கவும் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. ‘நீ செய்வது தவறு, இது இன்றோடு நிற்க வேண்டும், நான் தினமும் பார்ப்பேன்’ என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், சொன்னபடி தினமும் பார்ப்பது. ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து இருவரிடமும் தனித்தனியே மீண்டும் கேட்க வேண்டும். ‘ரெண்டு பேரும் கை குடுத்துக்கங்க’ என்று சமாதானம் செய்துவைப்பது பல நேரம் பாதிக்கப்பட்ட குழந்தையை வாய் மூடச் சொல்வதாகவே முடிகிறது.

வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள்தான் இதில் பெரிய கூட்டம். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட ‘கிவா’ என்ற திட்டம் அவர்களையே குறிவைக்கிறது. துன்புறுத்தும் பிள்ளைக்குப் பரிசு, சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. சிரிப்பு நின்றால் வேகம் குறையும். யாராவது ஒருவர் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இன்னும் குறையும். எனக்குக் கொய்யாக்காய் தந்தவள் தள்ளி உட்காராமல் இருந்திருந்தால் என் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவளும் எட்டு வயதுக் குழந்தைதான். பயந்திருப்பாள். ‘பக்கத்தில் உட்காருவது சரி’ என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பெற்றோர் கையில் இருப்பது

குழந்தை சொன்னால் முதலில் நம்புங்கள். ‘நீயும் திருப்பி அடி’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். ‘நமக்கு எதுக்கு வம்பு, பொறுத்துக்க’ என்றும் சொல்லாதீர்கள். இரண்டிலும் பாரம் குழந்தை தலையிலேயே திரும்ப ஏறுகிறது. என்ன நடந்தது என்பதை எழுதிவையுங்கள். எழுத வராவிட்டால் தெருவில் படித்த பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்களே, உங்கள் தெருவுக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவிகளில் இதுவும் ஒன்று.

பள்ளிக்கு ஒற்றையாகப் போகாமல், முடிந்தால் இன்னும் இரண்டு பெற்றோரோடு போங்கள். வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ‘என் பிள்ளை பேர் வெளியில் வராமல் எப்படி விசாரிப்பீங்க?’ என்று தயங்காமல் கேளுங்கள். இது பெற்றோரின் உரிமை.

பலர் பயன்படுத்தாத ஒரு கருவி பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் இது இருக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். பல ஊர்களில் நம் பெண்கள் அதில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில் ‘நம் பள்ளியில் எந்தக் குழந்தையையாவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? யாராவது தனியாகச் சாப்பிடுகிறதா? யார் பெருக்குகிறார்கள், யார் கழிப்பறைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?’ என்று ஒரு தாய் கேட்டால் போதும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

பள்ளியில் தீரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டம். தொலைபேசியில் சொல்ல 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கின்றன. சாதி வன்கொடுமைக்கு 14566.

சட்டம் எங்கே வரும், எங்கே வராது?

இதில் குழப்பம் வேண்டாம். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் சட்டப்படி குற்றம் ஆகாது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர் நீதிச் சட்டம்தான் கையாளும். ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குள் நடப்பதற்குக் காவல் நிலையம் வழி அல்ல. அது பள்ளியும் பெற்றோரும் தீர்க்க வேண்டியது.

பெரியவர்கள் செய்வது வேறு. ஆசிரியரோ, பணியாளரோ, கடைக்காரரோ, இன்னொரு குழந்தையின் பெற்றோரோ பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால், அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ‘ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்’ என்று யாராவது சொன்னால், எதைப் பேசி முடிக்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இடையே நடந்ததைச் சட்டத்துக்கு இழுப்பதும் தவறு. பெரியவர்கள் செய்ததைக் ‘குழந்தைகள் சண்டை’ என்று மறைப்பதும் தவறு. நம் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

மேலூருக்கு ஒரு வார்த்தை

இந்த மண்ணுக்கு இரண்டு நினைவுகள் உண்டு. மேலூருக்குப் பக்கத்திலுள்ள தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சராக உயர்ந்தார். அதே மேலூர்ப் பகுதியின் மேலவளவில், 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர், தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தள்ளி உட்கார் என்று பெஞ்சில் தொடங்குவதும், நாற்காலியில் உட்காராதே என்று முடிவதும் ஒரே குரல்.

மூன்றாவது நினைவு ஒன்றும் அண்மையில் சேர்ந்திருக்கிறது. அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும், 2025 ஜனவரி 7 அன்று ஊர் ஊராக மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். எல்லாச் சமூகத்தினரும் அந்தச் சாலையில் இருந்தார்கள். சில நாட்களில், ஜனவரி 23 அன்று, ஏல அறிவிப்பு ரத்தானது. மலையைக் காக்க ஒன்றாக நடந்த ஊர்களால், ஒரு வகுப்பறையில் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்க முடியாதா?

பிற சமூகத்துப் பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ஒரு சமூகத்தில் பிறந்த குழந்தையையே திருடன் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்த கொடுமை மதுரை மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். பிறப்பை வைத்துப் பெயர் சூட்டினால் எப்படி வலிக்கும் என்று உங்கள் தாத்தாக்கள் அறிவார்கள். அந்த வலியை உங்கள் பிள்ளை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க விடாதீர்கள்.

என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஊக்கத்தொகைப் படிவத்தை இடைவேளையில் ஒவ்வொருவராக அழைத்து, மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து மெதுவாகக் கேட்டு எழுதினார். பெயரின் முதல் எழுத்துப்படி எங்களை மாற்றி உட்காரவைத்தார். ‘ஸ்காலர்ஷிப்பு’ என்று யாரோ கூப்பிட்டது அவர் காதில் விழுந்த அன்று, அந்தப் பிள்ளையை மட்டும் வெளியே அழைத்துப்போய் ஐந்து நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளி விட்ட பிறகு நாங்கள் எல்லோரும் தெரு முனை தாண்டும் வரை வாசலில் நின்றார். அன்று மட்டும் அல்ல, அந்த வருடம் முழுக்க.

ஒரு மதியம் அவரே மரத்தடியில் உட்கார்ந்து தட்டாங்கல் ஆடினார். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, “உன் முறை, எடு” என்று கல்லை என் கையில் கொடுத்தார். நான் ஆடி முடித்ததும் அந்தக் கல்லை அடுத்தவள் வாங்கிக்கொண்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை எனக்கு வயிறு வலிக்கவில்லை.